தாத்தாவின் ஜீப்புக்கு இரவல் கால்கள்

"மாமா, ஒரு பொலேரோவோட முன்பக்கம் மொத்தமா வருது. பின்னாடி அடி வாங்கின வண்டி, முன்னாடி கீறல்கூட இல்லை. தாத்தா ஜீப்புக்கு அதைத் தூக்கி மாட்டிடலாமா?"

கேரளத்துப் பூப்பாறையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் என் அக்கா மகன் போனில் இப்படிக் கேட்டான். தாத்தா ஜீப் என்று அவன் சொல்வது என் அப்பா ஓட்டிய மஹிந்திரா சிஜே-3பி. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் (இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியது), முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 80 அங்குல வீல்பேஸ், தகரத் தொட்டி மாதிரி உடம்பு. போடியில் கிளம்பி முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவையும் ஏறிப் போடிமெட்டில் நிறுத்தும்போது வண்டியைவிட ஓட்டியவனுக்குத்தான் சர்வீஸ் தேவைப்படும். நேர்ரோட்டில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் பிடித்தால் வண்டி இன்னொரு பக்கம் யோசிக்கும். அவன் ஆசை எனக்குப் புரிந்தது. ஆனாலும் "வேண்டாம்டா மாப்ள" என்றுதான் முதலில் வாயில் வந்தது. ஏன் என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயமாக அது இல்லை.

பழைய வண்டியின் உடம்பை வைத்துக்கொண்டு, அடியில் புது வண்டியின் சஸ்பென்ஷனை மாட்டுவது நம் மலையில் முளைத்த யோசனை அல்ல. அமெரிக்காவில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஃபோர்டு கம்பெனி 1948 வரை தன் கார்களில் முன்பக்கம் ஒரே இரும்பு ஆக்சிலும், குறுக்குவாட்டில் ஒரு பட்டையும்தான் போட்டது. அந்தக் கார்களை வாங்கிப் பெரிய இன்ஜின் மாட்டி ஓட்டிய இளைஞர்களுக்கு, வேகம் கூடக்கூட முன்பக்கம் பயமுறுத்தியது. 1974-ல் மஸ்டாங் 2 என்று ஒரு சின்ன கார் வந்தது. மஸ்டாங் ரசிகர்கள் அதை அவ்வளவாகக் கொண்டாடவில்லை. ஆனால் பழைய கார் கட்டுகிறவர்களுக்கு அதன் முன்பக்கம் வரமாக அமைந்தது. அகலம் குறைவு, பல்சட்டம் இடவலமாக நகர்ந்து சக்கரத்தைத் திருப்பும் ராக் ஸ்டியரிங், எல்லாம் அடக்கமாக ஒரு குறுக்குச் சட்டத்தைச் சுற்றியே இருந்தன. இன்று அங்கே "மஸ்டாங் 2 முன்பக்கம்" என்று விற்கும் செட்டுகள் பலவற்றில் அந்தக் காரின் பாகம் ஒன்றுகூட இருக்காது. அளவு மட்டும் அதனுடையது.

பின்பக்கத்துக்கு ஜாகுவார். 1961-ல் வந்த இ-டைப் காரின் பின் சஸ்பென்ஷன் ஒரு கூண்டு மாதிரி. டிஃபரன்ஷியல், டிஸ்க் பிரேக், பக்கத்துக்கு இரண்டு காயில் (சுருள்) ஸ்பிரிங், எல்லாம் அந்தக் கூண்டுக்குள். ரப்பர் மவுண்டுகளைக் கழற்றினால் மொத்தமும் கீழே வந்துவிடும். அப்புறம் 2003-க்குப் பிந்தைய ஃபோர்டு கிரவுன் விக்டோரியா. போலீஸ் காராகவும் டாக்ஸியாகவும் ஓடிக் களைத்து, காயலான் கடைக்கு மலிவாக வந்து சேரும் வண்டி. அதன் அலுமினியக் குறுக்குச் சட்டத்தைக் கழற்றி, பழைய எஃப்-100 பிக்கப்புக்கு அடியில் பொருத்துகிறார்கள்.

மூன்றுக்கும் பொதுவான ஒன்றைக் கவனித்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். சொகுசுக்காக மட்டும் இவை தேர்ந்தெடுக்கப்படவில்லை. சக்கரத்தைப் பிடித்து ஏறி இறங்கும் ஆர்ம், ஸ்பிரிங், பிரேக் என்று ஒன்றோடொன்று பேசி வைத்திருக்கும் அளவுகள் கலையாமல், குடும்பத்தோடு கழன்று வருகின்றன. அதிலும் ஜாகுவார் கூண்டு கொஞ்சம் ஏமாற்றும். கூண்டுக்கு வெளியே, கீழ் ஆர்மிலிருந்து முன்னோக்கி உடம்புக்கு ஓடும் இரண்டு தண்டுகள் அதற்கு உண்டு. கூண்டை மாட்டிவிட்டு அந்தத் தண்டுகளை விட்டுவிட்டால், பிரேக் அடிக்கும்போதும் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதும் மொத்தக் கூண்டும் ரப்பரில் முறுக்கிக்கொள்ளும்.

சரி, நம் பட்டைக்கு வருவோம்.

பட்டை ஸ்பிரிங்கைப் பார்த்தால் மாட்டுவண்டிக் காலத்துச் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் அது ஒற்றை ஆளாக எத்தனை வேலை பார்க்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை. வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. ஆக்சில் முன்னே பின்னே நகராமல் பிடிக்கிறது. வளைவில் பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கிறது. இன்ஜின் இழுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சில் உருளப் பார்க்குமே, அந்த முறுக்கையும் அதுதான் வாங்குகிறது. கூடவே, பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கவும் செய்கிறது. இவ்வளவுக்கும் அதற்குத் தேவைப்படுவது முன்னால் ஒரு புஷ், பின்னால் பட்டை நீள இடம் விட்டு ஆடும் ஒரு ஷேக்கிள், நடுவில் இரண்டு யூ போல்ட்.

காயில் ஸ்பிரிங் இந்த வேலைகளில் முதலாவதை மட்டும்தான் பார்க்கும். பாரம் தாங்கும், அவ்வளவுதான். மற்றதற்கெல்லாம் தனித்தனி ஆள் வேண்டும்: முன்பின் பிடிக்க ஆர்ம்கள், பக்கவாட்டில் பிடிக்கக் குறுக்குத் தண்டு, ஆட்டத்தை அடக்க நல்ல ஷாக். "பட்டையைக் கழற்றிட்டு காயில் போட்டுக்கலாம்" என்று டீக்கடையில் ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் சேஸில் புதிதாக ஏழெட்டு இடத்தில் பிராக்கெட் வைக்கும் வேலை ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு பிராக்கெட்டும் எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்பதில்தான் வண்டியின் குணமே இருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். என் கைக்காசு போட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய ஜீப் வாங்கி, கீழ்நாட்டில் ஒரு பட்டறையில் விட்டேன். ராக் ஸ்டியரிங் உள்ள ஒரு பெரிய வண்டியின் முன்பக்கம் அவர்களிடம் கிடந்தது. ஜீப்புக்கு அது அகலம் அதிகம். டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நின்றது. "கவலைப்படாதீங்க சார்" என்று சொல்லி, குறுக்குச் சட்டத்தை நடுவில் 4 அங்குலம் அறுத்து எடுத்துவிட்டு ஒட்டினார்கள். வெல்டிங்கைக் குறை சொல்ல முடியாது, பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. ராக்கை அறுக்க முடியாதே, அதனால் அதை அப்படியே வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடை 2 அங்குலம் குட்டையாக்கினார்கள். அலைன்மென்ட் மெஷினில் எல்லாம் பச்சை காட்டியது.

நின்றுகொண்டிருந்த வண்டிக்குத்தான் அந்தப் பச்சை. ஓடும்போது கதை வேறு.

சக்கரம் மேடு ஏறும்போது நேராக மேலே போவதில்லை. ஆர்மின் உள்முனையை மையமாக வைத்து ஒரு வில் போல வளைந்து ஏறுகிறது. டை ராடின் வெளிமுனையும் அதேபோல, தன் உள்முனையை மையமாக வைத்து ஒரு வில் போடும். இரண்டு வில்லும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் சக்கரம் ஏறி இறங்கினாலும் திரும்பாது. வண்டியை வடிவமைத்தவர்கள் ராக்கின் நீளத்தையும் உயரத்தையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தார்கள். என் வண்டியில் ஆர்ம் பழைய நீளம், டை ராடு மட்டும் குட்டை. குட்டையான தண்டு போடும் வில்லுக்கு வளைவு அதிகம். சக்கரம் ஏறினாலும் சரி, பள்ளத்தில் இறங்கினாலும் சரி, டை ராடு ஸ்டியரிங் ஆர்மை உள்ளே இழுத்தது. நான் ஸ்டியரிங்கை அசைக்கவே வேண்டாம், ரோட்டில் உள்ள குழியே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தது. போடிமெட்டு இறக்கத்தில் ஒரு வளைவின் உள்பக்கம் இடது சக்கரம் குழியில் விழுந்து எழுந்தபோது, வண்டி ஒரு முழம் எதிர்ப்பக்கம் போய் வந்தது. எதிரே கேரள பஸ் ஒன்று ஏறிவந்துகொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கு வயது கொஞ்சம் கூடிவிட்டது.

பம்ப் ஸ்டியர் என்பார்கள் இதை. கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹப்பில் ஒரு லேசர் விளக்கை நேராக முன்னோக்கிக் கட்ட வேண்டும். 3 மீட்டர் தள்ளி ஒரு சுவர். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிச் சுவரில் புள்ளி எப்படிப் போகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தால் போதும். புள்ளி செங்குத்தாக ஏறினால் நல்லது. பக்கவாட்டில் 5 சென்டிமீட்டர் ஒதுங்கினால், சக்கரம் ஏறக்குறைய 1 டிகிரி தானாகத் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். என் வண்டியில் அந்தப் புள்ளி சுவரில் வாழைப்பழம் வரைந்தது. அந்தப் பட்டறைக்காரரை இதற்காக நான் அயோக்கியன் என்று சொல்லமாட்டேன். அவருக்கு வெல்டிங் தெரியும். இந்தக் கணக்கு தெரியாது. காசு கொடுத்த எனக்கும் அப்போது தெரியாது.

அடுத்தது எடை. பொலேரோ ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும் வண்டி. சிஜே-3பி ஒரு டன்னை ஒட்டித்தான். முன் அச்சில் விழும் பாரமும் ஏறக்குறைய அதே கணக்கில் குறையும் என்று வைத்துக்கொள்வோம். பொலேரோவுக்கு அடியில் 15 சென்டிமீட்டர் அமுங்கி நின்ற ஸ்பிரிங், ஜீப்புக்கு அடியில் 10 சென்டிமீட்டர்தான் அமுங்கும். ஸ்பிரிங் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருந்தால், ஸ்பிரிங்கில் 5 சென்டிமீட்டர் வித்தியாசம் சக்கரத்தில் 10 ஆகிவிடும். வண்டியின் மூக்கு அவ்வளவு தூக்கி நிற்கும். ஆர்ம்கள் கீழ்நோக்கித் தொங்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்க வைத்திருந்த இடம் முன்கூட்டியே செலவாகியிருக்கும். கேம்பர், காஸ்டர் என்ற சாய்வுக் கோணங்கள், மேலே சொன்ன வில் கணக்கு, மூன்றும் தம் இடத்தை விட்டுப் போயிருக்கும். அதோடு, கடினமான ஸ்பிரிங்கின்மேல் லேசான உடம்பு. துள்ளலின் வேகம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். சொகுசுக்காக மாட்டியது, கடைசியில் பட்டையைவிட மோசமாகத் தூக்கிப் போடும்.

இந்தக் கட்டத்தில் எல்லாரும் செய்யும் ஒரு காரியம், காயிலில் ஒரு சுற்றை அறுப்பது. மூக்கு இறங்கிவிடும், உண்மைதான். ஆனால் சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் கடினமாகும். வேலை செய்யும் சுற்று 8 இருந்து ஒன்றை அறுத்தால், கடினம் 14 சதவீதம் கூடுகிறது. லேசான வண்டிக்கு மென்மையான ஸ்பிரிங் வேண்டும் என்று ஆரம்பித்து, எதிர்த் திசையில் போய்க்கொண்டிருப்போம். கேஸ் வைத்துச் சூடாக்கிக் காயிலை உட்கார வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றி எழுதக்கூட எனக்கு மனசில்லை. பதம் போன ஸ்பிரிங் எப்போது உடையும் என்று அதற்கே தெரியாது. ஸ்டியரிங் ஆர்மைச் சூடாக்கி வளைப்பதும் இதே ரகம். யார் சொன்னாலும் அதற்குச் சம்மதிக்கக் கூடாது.

என் மருமகனின் ஜீப்பில் இன்னொரு சங்கதியும் உண்டு. அது ஃபோர் வீல் வண்டி. முன் ஆக்சிலுக்குள்ளேயே டிஃபரன்ஷியல் இருக்கிறது. அவன் பார்த்துவைத்த பொலேரோ டூ வீல் டிரைவ். அதை மாட்டினால் மழைக்காலத்தில் தோட்டத்துக்குள் மேலே ஏறுவது எப்படி? இதைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில், ஏழாயிரம் அடிக்கு மேல். வண்டி போகும் வழியோ கேரளத்தில். வழி என்று சொல்வது மரியாதைக்கு, உருண்டு கிடக்கும் கல்தான். அங்கே ஓடும் பழைய ஜீப்புகள் ஏன் இன்னும் பட்டையும் ஒரே ஆக்சிலுமாக இருக்கின்றன? பழமைப் பாசம் அல்ல. ஒரே ஆக்சில் வண்டியில் ஒரு சக்கரம் கல்லில் ஏறினால், அந்த ஆக்சிலே சாய்ந்து அடுத்த சக்கரத்தைத் தரையை நோக்கி அழுத்தும். டிஃபரன்ஷியலுக்கு அடியில் உள்ள இடைவெளி சுமை ஏறினாலும் மாறாது, ஏனென்றால் அது ஆக்சிலோடு சேர்ந்தே ஏறும். தனித்தனி ஆர்ம் உள்ள வண்டியில் ஸ்பிரிங் அமுங்கும்போது வயிறு கல்லை நோக்கி இறங்கும். எட்டுப் பேர் உட்கார்ந்த வண்டியில் அந்த வித்தியாசம் சின்னது அல்ல. அதோடு பட்டை உடைந்தால், சாக்கும் கயிறும் மரத்துண்டும் வைத்துக் கட்டி இறக்கிக்கொண்டு வந்துவிடலாம். ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட் கழன்றால் வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும்.

சுவாரசியம் என்னவென்றால், என் மருமகன் செய்ய நினைத்ததைக் கம்பெனியே ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. 2010-ல் மஹிந்திரா தார் வந்தபோது, பார்க்க அது பழைய ஜீப்பேதான். சிஆர்டிஇ இன்ஜின் மாடலில் முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை பார்க்கும் தண்டு) வைத்த தனித்தனி சஸ்பென்ஷன், பின்பக்கம் மட்டும் பட்டை. பழைய உடம்புக்குப் புதுக் கால் என்பதன் தொழிற்சாலை வடிவம் அது. ஆனால் அதைச் செய்யும்போது அவர்கள் எதையெல்லாம் மாற்றினார்கள் என்று பாருங்கள். மஹிந்திராவின் பழைய ஜீப்பான எம்எம்540-ன் வீல்பேஸ் 91 அங்குலம், அதாவது 2311 மில்லிமீட்டர். தாரில் 2430. அகலத்தையும் கூட்டினார்கள். முன்பக்கம் ஆர்ம் உட்காரத் தோதாகச் சேஸும் வேறு. உடம்பின் முகஜாடையை மட்டும் வைத்துக்கொண்டு, அடியில் புது வண்டியே கட்டினார்கள். அப்படியிருந்தும் தார் டிஐ என்ற மலிவு மாடலில் முன்னும் பின்னும் பட்டையையே தொடர்ந்து விற்றார்கள். ஒரே பெயரில் இரண்டு தத்துவம், ஒரே ஷோரூமில். கல்லில் ஏறுகிறவர்களில் ஒரு கூட்டம் டிஐயைத் தேடித்தேடி வாங்கியது. 2020-ல் வந்த புதுத் தாரில் நான்கு பக்கமும் காயில் வந்துவிட்டது; அதிலும் பின்னால் ஒரே ஆக்சில்தான், அதைப் பிடிக்க ஆர்ம்கள்.

கார்க்காரர்களின் பாடு இன்னும் சிக்கல். கொழிஞ்சாம்பாறையில் ஒரு நண்பர் அம்பாசடர் வைத்திருக்கிறார். உக்கடத்தில் ஒரு காண்டெசா முன்பக்கம் பார்த்துவிட்டு வந்து, மாட்டலாமா என்று கேட்டார். ஜீப்புக்காவது சேஸ் என்று தனியாக ஒன்று உண்டு, எதையும் அதில் பிடிக்கலாம். அம்பாசடருக்கு அது கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கிலக் காரிலிருந்து வந்த உடம்பு, தகடும் பெட்டிச் சட்டமும் சேர்ந்ததே வண்டி. முன்னால் காயில் இல்லை, டார்ஷன் பார். கீழ் ஆர்மிலிருந்து ஒரு நீளமான இரும்புத் தண்டு பின்னோக்கி ஓடித் தரைக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டத்தில் முடிகிறது. முன்சக்கரத்தின் அடி கடைசியில் டிரைவரின் காலுக்கு அடியில் உள்ள தரையில் போய் விழுகிறது. அந்த இடத்தை அதற்காகவே பலப்படுத்தியிருக்கிறார்கள். காயில் வைத்த முன்பக்கத்தை மாட்டினால், அதே அடி ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் மேல்நோக்கி விழும். அந்த இடம் அப்படி ஓர் அடியைக் கனவில்கூடக் கண்டதில்லை. முதல் ஆறு மாதம் ஒன்றும் தெரியாது. அப்புறம் கதவு இடைவெளி ஒரு பக்கம் விரியும், கண்ணாடி ஓரத்தில் பெயின்ட் வெடிக்கும். பத்மினி காருக்கு இந்தத் தொல்லை குறைவு, அதற்குப் பிறவியிலேயே முன்னால் காயில்தான்; அங்கே ஷாக்கும் புஷ்ஷும் மாற்றினாலே பாதி நோய் தீரும்.

வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை நினைவிருக்கிறவர்கள் இருப்பீர்கள். பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் கார் அது. அதே கம்பெனி 1970-களின் தொடக்கத்தில் கெசல் என்று பெயர் மாற்றி விட்டபோது, பின்னால் சாதாரண ஒரே ஆக்சிலைப் போட்டது. நம் ரோடும், நம் மெக்கானிக்குகளும் பழைய அமைப்போடு ஒத்துப்போகவில்லை. முன்னேற்றம் எப்போதும் ஒரே திசையில் போகும் என்று நினைப்பவர்களிடம் இந்தக் காரைத்தான் காட்டுவேன்.

பிரேக்கை மறந்துவிட்டுப் பேசிக்கொண்டே போகிறேன். இரவல் முன்பக்கத்தோடு டிஸ்க் பிரேக்கும் வரும், எல்லாருக்கும் சந்தோஷம். பழைய ஜீப்பின் மாஸ்டர் சிலிண்டர் நான்கு டிரம்முக்காகச் செய்தது. லைனில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் ஒரு வால்வு அதில் இருக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கு அதே அழுத்தம் போனால், காலை எடுத்த பிறகும் பேடு டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். சமவெளியில் மைலேஜ் குறைகிறது என்று மட்டும் தெரியும். போடிமெட்டிலிருந்து இறங்கும்போது, பத்தாவது வளைவுக்குள் பிரேக் வாசனை வந்துவிடும். ஆகவே டிஸ்க் எடுத்தால், மாஸ்டர், பூஸ்டர், பின் டிரம்முக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு, மூன்றும் சேர்ந்தே வர வேண்டும்.

சட்டம் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இதில் எதுவரை போகலாம் என்ற வழக்கு கேரளத்திலிருந்துதான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2019 ஜனவரியில் வந்த தீர்ப்பு, கேரள உயர் நீதிமன்றம் கொடுத்திருந்த சலுகையை ஏற்கவில்லை. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தோட்டத்துக்குள்ளேயே ஓடி அங்கேயே தூங்கும் வண்டி வேறு. என் மருமகனின் ஜீப் போடி ஏல மையத்துக்கு ஏலக்காய் மூட்டையோடு வந்து போகிற வண்டி, செக்போஸ்டில் இரண்டு மாநிலத்து ஆட்களும் பார்க்கிற வண்டி.

இதில் பலர் கவனிக்காத ஒரு நஷ்டமும் இருக்கிறது. 2021-ல் வந்த மத்திய விதிகளின்படி, 50 வயது தாண்டிய வண்டியை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். முதல் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் வண்டி பிறந்த வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிலோ உடம்பிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ஒரு பிராக்கெட்டுக்காகச் சேஸை அறுக்கும் அன்றே அந்தக் கதவும் மூடிவிடும். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது என்பதும் உண்மை. அதனால் என் மருமகனுக்கு இப்போது அது பயன்படாது. அவன் மகனுக்குப் பயன்படலாம்.

அப்படியென்றால் பட்டை ஜீப்பில் முதுகு உடைய வேண்டியதுதானா? அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பூப்பாறைக்குப் போனேன். ஜீப்பை ஜாக்கியில் தூக்கி, முன் பட்டை செட்டைக் கழற்றினோம். சென்டர் போல்ட்டை எடுத்த பிறகும் பட்டைகள் பிரியவில்லை. ஏலமலை மூடுபனியும் மழையும் சேர்ந்து, ஏழு பட்டையையும் துருவால் ஒரே கட்டையாக ஒட்டி வைத்திருந்தன. உளி வைத்துத் தட்டித்தான் பிரித்தோம். ஷேக்கிள் ஒரு பக்கம் அசையவே இல்லை. அசையாத ஷேக்கிள் என்றால் பட்டை நீள இடமில்லை. நீள இடமில்லாத பட்டை ஸ்பிரிங் இல்லை, இரும்புப் பலகை. ஷாக்கைக் கையால் அமுக்கினோம், இழுத்தோம், எதிர்ப்பே இல்லாமல் போய் வந்தது. சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தது. நேர்ரோட்டில் வண்டி யோசித்ததற்கு அதுதான் காரணம்.

அவன் இத்தனை நாள் பட்டையைத் திட்டிக்கொண்டிருந்தான். ஓடியது பட்டையே அல்ல.

பட்டைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, நடுவில் கிராஃபைட் தடவி, வளைவு போன இரண்டைக் கம்பம் டவுனில் கொடுத்துத் தட்டி எடுத்து வந்தோம். புஷ், ஷேக்கிள், கிங் பின் செட், நான்கு ஷாக், எல்லாம் புதுசு. செலவு, அந்தப் பொலேரோ முன்பக்கத்துக்குக் கேட்ட விலையில் பாதிகூட ஆகவில்லை. இதற்கு மேலும் மென்மை வேண்டுமானால் பாராபோலிக் பட்டை இருக்கிறது: நடுவில் தடித்து நுனியில் மெலிந்த இரண்டு மூன்று பட்டைதான் இருக்கும், உரசல் குறைவு. உரசல் குறைந்தால் ஆட்டத்தை அடக்கும் வேலை முழுக்க ஷாக்கின் தலையில் விழும், அதனால் ஷாக்கில் சிக்கனம் பார்க்க முடியாது. பழைய பிராக்கெட்டிலேயே உட்காரும் அளவில் செய்தால் சேஸில் ஒரு ஓட்டைகூடப் புதிதாகப் போட வேண்டாம்.

என் சொந்த ஜீப்பைப் பற்றிக் கேட்பீர்கள். அறுத்து ஒட்டிய அந்தக் குறுக்குச் சட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய ஆக்சிலையே திரும்பப் போட்டேன். நல்ல வேளை, அந்தப் பட்டறையில் அதை இன்னும் எடைக்குப் போடவில்லை.

மருமகன் போன வாரம் மறுபடி கூப்பிட்டான். வண்டி நன்றாக ஓடுகிறதாம், ராஜாக்காட்டிலிருந்து வரும்போது மனைவி பின்சீட்டில் தூங்கிவிட்டாளாம். அப்புறம் மெதுவாகக் கேட்டான்:

"மாமா, அந்தப் பொலேரோ இன்னும் விக்கலையாம். பவர் ஸ்டியரிங் மட்டும் எடுத்து மாட்ட முடியுமா?"

லேசர் விளக்கை எடுத்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போகிறேன்.